நீ நீட்டிய காலிக் கை

நீ எங்களை விற்றாய். பதினான்கு வீட்டு அடுப்பை ஒரு மழை மதியத்தில், ஒரே ஒரு சீட்டாட்டத்தில் விற்றாய். நீ செத்துப்போனதால் இது மாறிவிடாது.

மரக்காணம் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே உனக்கு ஒரு பேனர் வைத்திருக்கிறார்கள். நேற்று அதன் கீழே நின்றுதான் பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். புது ஃப்ளெக்ஸுக்கு ஒரு வாடை உண்டு, மண்ணெண்ணெயும் ரப்பரும் கலந்த மாதிரி. வெயில் ஏற ஏற அந்த வாடை தலைக்குள் இறங்கியது. கண்ணீர் அஞ்சலி என்று சிவப்பில். நீ நீலச் சட்டையில் சிரிக்கிறாய். யாரோ ஒருவனின் கல்யாணப் படத்திலிருந்து உன்னை வெட்டி எடுத்திருக்கிறார்கள். இடப்பக்கம் இன்னொருவனின் தோள் கொஞ்சம் ஒட்டிக்கொண்டே வந்துவிட்டது. அந்தத் தோள் என்னுடையது. கீழே சின்ன முதலாளி கைகூப்பி நிற்கிறார், உன்னைவிடப் பெரிதாக. 'எங்கள் உப்பளக் குடும்பத்தின் உண்மை உழைப்பாளி' என்று எழுதியிருக்கிறது. குடும்பமாம். இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டேன்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, நாம் இருவரும் ஒரே வாரத்தில்தான் லோடு ஏற்றப் போனோம். நான் மூட்டையைத் தூக்கி உன் தோளில் வைப்பேன். நீ பலகையில் ஏறி லாரிக்குள் போவாய். ஒரு வருடம் கழித்து மாற்றிக்கொண்டோம். பலகை ஏறுவது எனக்கு வந்துவிட்டது. நீ கீழேயே நின்றுகொண்டாய். "உன் காலு ஆட்டுக் காலுடா, நீ ஏறு" என்றாய். தோளில் தோல் உரிந்த இடத்தில் ஈரக்கோணி பட்டால் உப்பு கடிக்கும். அதைப் பற்றி ஊரில் யாரும் பேச மாட்டார்கள். கார் ஓட்டிக்கொண்டு புதுச்சேரி போகிறவர்கள் வண்டியை ஓரம் கட்டி, வெள்ளை வெளேரென்று கிடக்கிற உப்பு அம்பாரத்தோடு படம் எடுத்துக்கொண்டு போவார்கள். அந்தப் படத்தில் ஓர் ஓரமாக நாமும் இருப்போம், குனிந்தபடி.

மூட்டைக்கு ஒரு ரூபாய் கூட்டிக் கேட்டோம். அவ்வளவுதான் கேட்டோம். இல்லை என்றார்கள். ஆவணி பிறந்ததும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். ஆவணியில் உட்காரலாம் என்று கணக்குப் போட்டவனே நீதான். "மழைக்கு முன்னாடி நாம கை வெக்கலன்னா அந்த உப்பு கரைஞ்சி வந்த வழியே கடலுக்குப் போயிடும்டா. அவனுங்களே ஓடியாருவானுங்க பாரு" என்று தார்ப்பாய் போட்ட அம்பாரத்தின் மேல் ஏறி நின்று கத்தினாய். எல்லோரும் விசில் அடித்தார்கள். நானும் அடித்தேன்.

தை மாதத்திலிருந்து ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டுச் சேர்த்த பணம் அது. வேலை இல்லாத நாட்களில் பதினான்கு வீட்டுக்கும் அரிசி வாங்க. பன்னிரண்டாவது வரை படித்தவன் என்று என் கையில் கொடுத்தார்கள். ஒரு பிளாஸ்டிக் உறையில் சுற்றி இடுப்பில் கட்டியிருந்தேன். பத்தாவது நாள் ஆகியும் யாரும் ஓடிவரவில்லை. உறை மெலிந்துகொண்டு வந்தது. இன்னும் பத்து நாள் தாங்கும், அதற்கு மேல் தாங்காது என்பது எனக்கும் உனக்கும் மட்டும் தெரியும். உன்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

அந்த மதியம் சடசடவென்று மழை பிடித்தது. எடை மேடைக் கொட்டகையில் ஒதுங்கினோம். சின்ன முதலாளி கார் வந்து நின்றது. முதலாளியின் மச்சான் அவர், உப்பளத்தைப் பார்த்துக்கொள்கிறவர். தனியாக இறங்கி, தலையில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு ஓடிவந்தார்.

"பேசலாம்னு வந்தேம்பா. இன்னா மழ இது. உடட்டும், அதுவரைக்கும் ரெண்டு ஆட்டம் போடுவமா?"

லோடு ஏற்றுகிற நம் பதினான்கு பேர் செட்டிலேயே மூத்தவர் கன்னியப்பன் அண்ணன். அவர் என் காதில் சொன்னார்: "பேச வந்தவரு பாக்கெட்ல சீட்டுக்கட்டோட ஏன்டா வந்தாரு?"

கேட்டுக்கொண்டே அவரும் உட்கார்ந்தார். நீ உட்கார்ந்தாய். எடை போடுகிற குமாஸ்தா உட்கார்ந்தார். நான் உன் பக்கத்தில்.

அந்தக் கொட்டகையில் ஆடுகிற மேல்-கீழ் ஆட்டத்தை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. ஆளுக்கு நாலு சீட்டு. அதில் எந்த மூன்றை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். நடுவில் சேர்கிற பணத்தில் பாதி பெரிய கைக்கு, பாதி சின்னக் கைக்கு. கடைசியில் எல்லோரும் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் முஷ்டியை மூடி முன்னால் நீட்ட வேண்டும். உள்ளே ஓர் உப்புக்கல் இருந்தால் மேல் பாதிக்குப் போகிறான். கை காலியாக இருந்தால் கீழ் பாதிக்கு. மேலே இரண்டு பேர் சமமாக வந்தால் பிரித்துக்கொள்ளலாம். கீழே இரண்டு பேர் சமமாக வந்தால் இருவருக்கும் ஒன்றுமில்லை. கீழ் பாதியும் மேலே இருப்பவனுக்கே போய்விடும். இந்தச் சட்டத்தை யார் போட்டார்கள் என்று நாம் யாரும் கேட்டதில்லை. கொட்டகை அவர்களுடையது. சட்டமும் அவர்களுடையதாகத்தான் இருந்திருக்கும்.

சின்ன முதலாளி எப்போதும் ஆடுகிற மாதிரிதான் ஆடினார். சீட்டைத் தொடாமலே டபுள். யார் என்ன போட்டாலும் அதற்கு மேல் டபுள். தோற்றால் சிரிப்பார், ஜெயித்தால் அதைவிடச் சத்தமாகச் சிரிப்பார். அவர் ஆட ஆட மற்றவர்களுக்கும் அந்த வெறி ஏறிவிடும். பேக் ஆகி ஒதுங்க வேண்டிய சீட்டுக்குக் குமாஸ்தாவும் பணம் போட்டார்.

"மொதலாளி, சீட்டயாவது பாருங்க. பாக்கறதுக்குக் கூலி கேக்க மாட்டோம்" என்றார் கன்னியப்பன் அண்ணன்.

"பாத்தா பயம் வந்துடும்பா."

நான் ஒரு மணி நேரம் பொறுமையாக இருந்தேன். கெட்ட சீட்டையெல்லாம் கீழே போட்டேன். இப்படிக் கண்ணை மூடிக்கொண்டு வாரி இறைக்கிறவனிடம் ஒரே ஒரு நல்ல கை வந்தால் போதும், உறை இரண்டு மடங்காகும், இன்னும் ஒரு மாதம் உட்காரலாம் என்று தோன்றிவிட்டது. தோன்றியது என் குற்றம். அதை மறைக்கவில்லை.

வந்தது. இரண்டு, மூன்று, ஐந்து, ஒரு ராஜா. வேறு வேறு சாதிச் சீட்டு. அந்த ஆட்டத்தில் இரண்டு-மூன்று-ஐந்தைவிடச் சின்னக் கை கிடையாது. இரண்டு-மூன்று-நான்கு வந்தால் வரிசையாகிவிடும், அது பெரிய கை. ஆக கீழ் பாதி என்னுடையது. இன்னொருவன் கையிலும் அதே இரண்டு-மூன்று-ஐந்து இருந்தால் மட்டும்தான் போகும். அப்படி வந்து நான் பார்த்ததே இல்லை.

சின்ன முதலாளி பார்க்காமல் டபுள். நான் அதற்கு மேல். நீ அதற்கு மேல். குமாஸ்தா பேக். கன்னியப்பன் அண்ணன் பேக். மறுபடி டபுள். மறுபடி நீ. அப்போதுதான் சின்ன முதலாளி முதல்முறையாகச் சீட்டை எடுத்துப் பார்த்தார். சிரிக்கவில்லை. மறுபடி டபுள் என்றார்.

என் கைக்காசு தீர்ந்தது. இடுப்பிலிருந்து உறையை அவிழ்த்தேன்.

"டேய், அது அரிசிடா" என்றார் கன்னியப்பன் அண்ணன்.

"இது தோக்காத கைண்ணா."

உன்னிடமும் காசு தீர்ந்தது. நீ பேக் ஆகியிருக்கலாம். சின்ன முதலாளி ஒரு நோட்டுக்கட்டை எடுத்து உன் முன்னால் போட்டார். "அவன் பேருக்கு நான் வெக்கிறேன். ஜெயிச்சா குடுக்கட்டும். தோத்தா இன்னா, நம்ம பையன்தான?"

"வாணாம்டா, பேக் ஆயிடு" என்றேன்.

"ஆட்டத்துல சும்மா இருடா" என்றாய்.

அப்போதுதான் அதைச் செய்தேன். தப்பு என்று தெரிந்தே செய்தேன். ராஜாவை விரலால் மறைத்து, மற்ற மூன்றையும் உன் பக்கம் சாய்த்தேன். உன் முகம் என் பக்கம் திரும்பியிருந்தது. இரண்டு, மூன்று, ஐந்து. ஒரு மூச்சு விடுகிற நேரம் சாய்த்து வைத்திருந்தேன். கீழே நான் இருக்கிறேன், நீ வராதே, மேலே போ, இல்லாவிட்டால் ஒதுங்கு என்று அதற்கு அர்த்தம். இதைப் புரிந்துகொள்ள நமக்குள் தனியாக ஒரு ஜாடை வேண்டுமா? பத்து வருடம் ஒரே மூட்டையைத் தூக்கியவர்கள் நாம்.

நீ தலையைத் திருப்பிக்கொண்டாய். உன் சீட்டை வழக்கம்போல மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாய். நீ அப்படிப் பார்ப்பதைப் பெரிய ஸ்டைல் என்று எல்லோரும் கிண்டல் செய்வோம். கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாய்.

மூன்று முஷ்டி. குமாஸ்தா, "தொற" என்றார்.

சின்ன முதலாளி கையில் ஒரு கல். என் கை காலி. உன் கையும் காலி.

எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. நீ சீட்டைக் கோணிமேல் மல்லாத்தினாய். இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. சின்ன முதலாளியிடம் மூன்றும் ஆட்டின், ஒரே சாதி, வெறும் கலர்தான், வரிசைக்குச் சின்னது.

குமாஸ்தாதான் கத்தினார்: "இன்னா ராசா, மூணு நாலு அஞ்சு வெச்சிக்கினு கீழ வந்திருக்கிற! மேல போயிருந்தா அந்தக் கலர அடிச்சிருப்பியே! பாதி உனக்கு, பாதி அவனுக்கு. இவருக்குப் பூஜ்யம்டா!"

"உடுய்யா. பையன் பதட்டத்துல போட்டுட்டான்" என்றார் சின்ன முதலாளி. முழங்கையால் மொத்தத்தையும் தன் பக்கம் இழுத்தார். உறையையும் சேர்த்து. எழுந்து போகும்போது ஒரு நோட்டை மட்டும் கோணிமேல் விட்டார். "டீ சாப்டுங்க." பேச வந்தவர் பேசாமலே காரில் ஏறினார். மழை அப்போதும் விடவில்லை.

நாம் இரண்டு பேரும் கீழே முட்டிக்கொண்டோம். மேலே இருந்தவன் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனான். இந்தக் கடற்கரையில் வேறு எதைப் பார்த்தாலும் எனக்கு அந்த ஆட்டம்தான் தெரிகிறது.

மறுநாள் காலை செட்டு முன்னால் நின்று நான் சொன்னேன். ஒருவரும் என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை. கன்னியப்பன் அண்ணனின் மனைவி அஞ்சலை அக்கா மட்டும் கிட்டே வந்து கேட்டார்: "எங்க ஊட்டு உல அரிசி இன்னாடா, உங்கப்பன் வெச்ச பந்தயமா?" உன்னைப் பார்த்தேன். நீ தார்ப்பாய்க்கு அடியில் உப்பு கரைந்து ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாய். 'நானும்தான் ஆடினேன்' என்று ஒரு வார்த்தை உன் வாயிலிருந்து வரவில்லை. நண்பகலுக்குள் எல்லோரும் பழைய கூலிக்கே மூட்டையைத் தொட்டார்கள். அந்த ஒரு ரூபாய் இன்றுவரை ஏறவில்லை.

புரட்டாசி முடிவதற்குள் நீ மேஸ்திரி ஆனாய். கையில் குடை, காதில் போன். இதற்கு மேல் எனக்கு என்ன சாட்சி வேண்டும்?

நான் கிளியனூர் பக்கம் ஓர் அரிசி ஆலைக்குப் போய்விட்டேன். அங்கேயும் மூட்டைதான், உப்பு கடிக்காது, தவிடு கடிக்கும். ஒருமுறை திண்டிவனம் சாலையில் டீக்கடையில் எதிரே வந்து நின்றாய். ரொம்பக் கிட்டே வந்த பிறகுதான் என்னை அடையாளம் தெரிந்த மாதிரி முகம் மாறியது. நடிக்கிறாய் என்று நினைத்தேன்.

"எப்டிக்கிற?"

"இருக்கேன்."

"இன்னும் கோவமாடா?"

"கோவப்பட நீ யாருடா எனக்கு?"

டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனாய். நமக்குள் நடந்த கடைசிப் பேச்சு அது. இதற்காக நான் வருத்தப்படுகிறேன் என்று நீ நினைத்துக்கொள்ள வேண்டாம்.

போன மாதம் செய்தி வந்தது. மழையில் உப்புத்தண்ணீர் இறைக்கிற மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறது, போய் நிறுத்து என்று சின்ன முதலாளியிடமிருந்து உனக்கு போன். நீ போனாய். போகாமல் இருக்க உனக்கு எப்போது தெரிந்தது? வாய்க்கால் ஓரம் வயர் அறுந்து தண்ணீரில் கிடந்திருக்கிறது. அதன்மேலேயே கால் வைத்திருக்கிறாய். யாரும் அனுப்பவில்லை, அவனாகப் போனான் என்று ஒரு தாளில் எழுதி, உன் மனைவி ஸ்டெல்லாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். பிணத்தை மாதா கோயிலுக்குக் கொண்டுபோகும் செலவு அவர்களுடையது. பேனர் செலவும்.

அடக்கத்துக்கு நான் வரவில்லை. நேற்று முப்பதாம் நாள் பூசைக்கு வந்தேன். எதற்கு வந்தேன் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. கோயிலுக்கு உள்ளே போகாமல் வாசலில் செருப்புக் குவியல் பக்கம் நின்றேன். பூசை முடிந்து ஸ்டெல்லா என்னைப் பார்த்து வெளியே வந்தாள். உன்னைப் பற்றி நல்லதாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். வரவில்லை. கேட்டுவிட்டேன்.

"அந்த ஆட்டத்தப் பத்தி எப்பனாச்சும் எதுனா சொன்னானாம்மா?"

"ஒரு நாளு கூடப் பேசினதில்லைண்ணா." முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "அவருக்குக் கண்ணு போயிட்டிருந்திச்சி, உங்களுக்குத் தெரியும்தான?"

எனக்குத் தெரியாது.

"பெருமுக்கல்ல கண்ணு முகாம் போட்டாங்களே, நீங்கல்லாம் வேல நிறுத்தம் பண்றதுக்கு மின்னாடியே. உப்பு வெள்ளையப் பாத்துப் பாத்துப் போச்சின்னாங்க. லோடுமேனுக்குக் கண்ணு தெரியலன்னா யாரும் கிட்டயே சேத்துக்க மாட்டானுங்கன்னு ஒருத்தர்கிட்டயும் சொல்லல. அப்புறம் ஒரு நாளு அவருதான் போயி, எனக்கு மூட்ட தூக்காத வேலயாக் குடுங்கன்னு சின்ன மொதலாளி கால்ல உழுந்தாரு. உங்ககிட்டயாவது சொல்லுய்யான்னேன். அவன் சிரிப்பான்னுட்டாரு."

வீட்டுக்கு வந்து விடிய விடிய இதையே பிசைந்துகொண்டிருக்கிறேன். கண் போயிருந்தது, சரி. கொட்டகைக்குள் மழை இருட்டு, அதுவும் சரி. சாய்த்த சீட்டு உனக்கு வெறும் வெள்ளையாகத் தெரிந்திருக்கலாம். உன் கையில் இருந்த நான்கு உனக்கு நான்காகத் தெரிந்ததோ என்னவோ. ஆனால் ஒன்று கேட்கிறேன். கண் தெரியாதவன், ஓட்டாண்டி, அடுத்தவன் வைத்த பணத்தில் ஏன் ஆடினாய்? வரிசை கையில் இருப்பது தெரிந்தும், அவர் போட்ட காசில் அவரையே அடிக்கக் கூச்சப்பட்டுக் கீழே வந்தாயா? உன் புத்தி அப்படித்தான். அவர்கள் முன்னால் நின்றால் உனக்குத் தானாகவே குனிந்துவிடும். அல்லது மேஸ்திரி வேலையை அதற்கு முன்பே பேசி முடித்திருந்தாயா? காலில் விழுந்தது எப்போது என்று ஸ்டெல்லாவுக்குத் தேதி தெரியவில்லை. கேட்டேன். திரும்பத் திரும்பக் கேட்டேன். கணவனைப் புதைத்து ஒரு மாதம் ஆன பெண்ணிடம் தேதி கேட்டுக்கொண்டு நின்றேன். கடைசியில் அவள் உள்ளே போய்விட்டாள்.

நீ குருடனாக இருந்தாய் என்று உன்னை மன்னிக்க எனக்கு மனமில்லை. அது உனக்கும் தெரியும். நீ பார்த்திருந்தால் நீ துரோகி. கணக்கு அதோடு முடிந்தது. நான் உன்னைத் திட்டிக்கொண்டே கிழவனாகிவிடலாம். நீ பார்க்கவில்லை என்றால், அந்தப் பதினான்கு அடுப்பையும் அணைத்தவன் நான் ஒருவன்தான். டீக்கடையில் எதிரே நின்றவனை நீ யாருடா என்று கேட்டதும் நான்தான். அந்த மழை மதியத்திலிருந்து ஊர்ப் பணம் ஒரு ரூபாயைக்கூட நான் கையில் வாங்குவதில்லை. அரிசி ஆலையில் சங்கம் சேர்க்கிறார்கள். பணம் நீ வைத்துக்கொள் என்கிறார்கள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறேன். ஏன் என்று கேட்கிறார்கள். இரண்டில் எதைச் சொல்வது?

எனக்கு உன் விளக்கம் வேண்டாம். கண்ணின் கதை வேண்டாம். அந்த ஒரு மூச்சு நேரம் மட்டும் வேண்டும். உன் முகம் என் பக்கம்தான் திரும்பியிருந்தது. நான் சாய்த்தேன். பார்த்தாயா, இல்லையா?

சொல்லுடா.